மழை வட்டக்கானலில், வெள்ளம் கும்பக்கரையில்

தேனி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கடலோரத்துக்காரர்கள் லீவு நாளில் பிள்ளைகளோடு மணலில் போய் உட்காருவார்கள். நமக்கு அருவியும் அணையும் ஆற்றுப் படித்துறையும்தான். ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப் ஏறும் குடும்பமும், சின்னமனூர் வாழைத்தோப்பில் தார் சுமக்கும் குடும்பமும் கடன் வாங்காமல் போய்வரக்கூடிய இடங்கள் கும்பக்கரை, சுருளி, வைகை அணை, வீரபாண்டி ஆகியவை. அந்த ஒரு நாள் அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். வீட்டுக்குப் பத்திரமாகத் திரும்புவதும் அந்த நாளில் சேர்த்திதான்.

செலவைச் சுருக்க வழி இருக்கிறது. 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசு பஸ்களில் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டாம். மதுரைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு 2022 மே மாதம் முதல் தேனி வரையும், 2023 ஜூன் முதல் போடி வரையும் ரயில் ஓடுகிறது. கையில் புளிச்சாதம் இருந்துவிட்டால் மீதிச் செலவு நுழைவுச் சீட்டும் பிள்ளைகளுக்கு வாங்கும் மாங்காய்ப் பத்தையும்தான்.

ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் நாம் குளிக்கும் தண்ணீர் நம் தலைக்கு மேல் பெய்த மழையில் வந்தது அல்ல. பெரியகுளத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும்போதே கும்பக்கரையில் வெள்ளம் வரும். கொடைக்கானல் மலையில், வட்டக்கானல் பக்கம் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் போதும். கீழே அருவியின் யானைக் கெஜம் என்ற பள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பவருக்கு மேலே மழை பெய்வது தெரியாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென வெள்ளம் வந்தது. 17 வயதுப் பையன் ஒருவனை அது அடித்துக்கொண்டு போனது. மலையடிவார அருவி எதுவானாலும் இதே கதைதான்.

வெள்ளம் வருமுன் தண்ணீரே சில அடையாளம் காட்டும். தெளிந்து ஓடிய தண்ணீர் லேசாகக் கலங்கும். சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வரும். சத்தத்தின் கனம் மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் துணியை, செருப்பை, செல்போனைத் தேடாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாறையின் மேட்டுப்பக்கம் ஏறிவிட வேண்டும். ஆற்றைக் குறுக்கே கடந்து மறுகரையில் வைத்த பையை எடுக்கப் போகக் கூடாது. பாசி படிந்த பாறையில் ஈரக்கால் ஒரு முறை வழுக்கினால் பிடிமானம் கிடைக்காது.

வனத்துறை குளிக்கத் தடை போட்டால், இவ்வளவு தூரம் வந்தது வீணா என்று வாசலில் சண்டை பிடிக்கிறோம். அந்தத் தடை மேலே பெய்த மழையைப் பார்த்துப் போட்டது. சுருளியிலும் அப்படித்தான். மேகமலையில் தூவானம் அணையிலிருந்து தண்ணீர் திறந்தால் கீழே அருவியின் வேகம் கூடிவிடும். யானை நடமாட்டத்துக்காகவும் மூடுவார்கள். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருக்களுக்குள்ளேயே வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. புறப்படும் அன்று காலையில் அருவி திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினால் அலைச்சலும் மிச்சம், பஸ் காசும் மிச்சம்.

அருவியைவிட எனக்கு அதிகப் பயம் முல்லைப் பெரியாற்றுப் படித்துறைகள் மேல்தான். லோயர்கேம்ப்பிலிருந்து கூடலூர், கம்பம், உத்தமபாளையம், வீரபாண்டி என்று ஊர் ஊராகத் தொட்டு ஓடுகிற ஆறு இது. பழகிய ஆறு என்பதால் பயம் விட்டுப்போகிறது. தேக்கடியில் திறக்கும் தண்ணீர் குகை வழியாக வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின் நிலையத்தைத் தாண்டி ஆற்றில் சேர்கிறது. வழக்கமாக ஜூன் முதல் வாரத்தில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுவார்கள். நேற்று முழங்காலளவு ஓடிய இடத்தில் இன்று இடுப்பளவு இழுக்கும். தடுப்பணைக்குக் கீழே, மேற்பரப்பில் அமைதியாகத் தெரியும் தண்ணீர் அடியில் சுழன்று ஆளை உள்ளே இழுக்கும். மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தண்ணீர் திறப்பு பற்றி ஆட்சியர் அலுவலகம் அறிவித்தால் அந்த வாரம் கரையோடு நின்றுகொள்வதே சரி. வைகை அணையில் நீர்மட்டம் 66 அடி தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையின் கொள்ளளவு உயரமே 71 அடிதான். மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு அணைக்குக் கீழே ஆற்றில் யாரும் கால் நனைக்கக் கூடாது.

ஒருவர் மூழ்கினால் நீந்தத் தெரியாதவர் குதிக்கக் கூடாது. ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போய் அண்ணன், அப்பா, சித்தப்பா என்று வரிசையாகப் போன குடும்பங்கள் உண்டு. சேலை, வேட்டி, கயிறு, மூடிய காலிக் கேன், கையில் எது கிடைக்கிறதோ அதை வீசுங்கள். வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் கெடுதல். மல்லாக்கப் படுக்கவைத்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது.

மலையேற்றம் வேறு விஷயம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் 23 பேர் இறந்தார்கள். அதன்பின் மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல், அதுவும் கோடையில், காட்டுக்குள் யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள்.

இனி உரிமை. நுழைவுக் கட்டணம் ஐந்து ரூபாயோ ஐம்பது ரூபாயோ, வாங்கியதற்குச் சீட்டு தர வேண்டும். பெண்கள் உடை மாற்ற நான்கு பேர் சேலையைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நிற்கும் காட்சியை இன்றும் பார்க்கிறோம். கட்டணம் வாங்கும் இடத்தில் பூட்டாத உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் கேட்பதில் தப்பே இல்லை. மாற்றுத்திறனாளிகள் பொது இடங்களைத் தடையின்றிப் பயன்படுத்த 2016ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்கிறது. சாய்தளம் இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். வண்டி நிறுத்தத்தில் பலகையில் எழுதியதைவிட அதிகம் கேட்டால் பலகையையும் ரசீதையும் படம் எடுத்து 1100 முதல்வர் உதவி எண்ணுக்குப் புகார் செய்யலாம், அல்லது ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம்.

நடக்கக் கூடாதது நடந்துவிட்டால், அழுகைக்கு நடுவில் காகிதத்தைப் பற்றி யோசிக்க யாருக்கும் தோன்றாது. போலீஸ், கேஸ் என்று எதற்கு என்று உடலை எடுத்துப் போய் அடக்கம் செய்துவிட்டு, பிறகு எந்த உதவியும் கிடைக்காமல் நிற்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காவல் நிலையத்தில் புகார் பதிவாக வேண்டும். பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். இரண்டு அறிக்கைகளின் நகலும் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீட்டில் 18 முதல் 70 வயது வரையுள்ளவர் சேர்ந்திருந்தால், விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய் உண்டு. இறந்தவரின் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்தால் அந்த 20 ரூபாய் பிடித்தம் தெரியும். விவசாயக் கூலி வேலை பார்த்தவர் என்றால் உழவர் பாதுகாப்புத் திட்டம் பற்றி கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கும் மனு போடலாம். அலட்சியத்தால் உயிர் போனதாகத் தெரிந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். பெண்களுக்கும் பட்டியல் இன, பழங்குடியினருக்கும் இதில் வருமான வரம்பு கிடையாது. கூப்பிட வேண்டிய எண் 15100.

உங்கள் ஊர்ப் படித்துறையில் எச்சரிக்கைப் பலகையும் பிடித்துக்கொள்ளச் சங்கிலியும் இல்லையென்றால், அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூட்டம் உண்டு. தீர்மானமாக எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள். மூன்று மாதம் ஆகியும் பலகை வரவில்லை என்றால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்று கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும்.