மலையில் வெட்டியது ஏரியில் படிந்தது
ஐடஹோ: அன்றும் இன்றும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், தெற்கே அகன்றும் வடக்கே ஒடுங்கியும் கனடா எல்லை வரை நீளும் மாநிலம் ஐடஹோ. பரப்பு சுமார் 2,16,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 18 லட்சம்தான். நிலத்தின் பெரும்பகுதி மலையும் காடும். மிக உயரமான போரா சிகரம் 3,859 மீட்டர். மேற்கு எல்லையில் ஸ்னேக் ஆறு அறுத்துப் போட்ட ஹெல்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு 2,400 மீட்டருக்கும் ஆழமானது. மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் பல இடங்களில் ஏரிகளில் இறங்கிய பிறகே கடலை நோக்கிப் போகின்றன. அதனால் இந்த மாநிலத்தின் வரலாற்றை அறிய விரும்புகிறவர்கள் அதன் ஏரிகளிலிருந்து தொடங்கலாம். மலையில் மனிதர்கள் செய்ததெல்லாம் அங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது.

வடபகுதி ஏரிகளைப் பனியுகம் படைத்தது. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து இறங்கிய பனிப்பாளம், இன்றைய பாண்டரே ஏரியின் அருகே கிளார்க் ஃபோர்க் ஆற்றை மறித்தது. கிழக்கே மொன்டானாவில் 600 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கியது. பனி அணை உடைந்தபோது அத்தனை நீரும் ஒரே பாய்ச்சலாக மேற்கே ஓடியது. மீண்டும் பனி மறித்தது, மீண்டும் உடைந்தது. இப்படிப் பலமுறை நடந்தது. அந்த வெள்ளங்கள் குவித்த சரளைக் கற்கள் ஒரு பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொள்ள, அதன் பின்னால் தேங்கியதுதான் கோர்டலேன் ஏரி. நீளம் 40 கிலோமீட்டர். கிழக்கு மலைகளிலிருந்து கோர்டலேன் ஆறும் செயின்ட் ஜோ ஆறும் அதில் விழுகின்றன. ஸ்போக்கேன் ஆறு வெளியேறிக் கொலம்பியா ஆற்றோடு கலக்கிறது.

வெள்ளிப் பள்ளத்தாக்கு

அன்று அந்த ஏரியும் ஆறுகளும் கோர்டலேன் பழங்குடியினரின் வாழ்விடம். மீனும், கரைச் சதுப்பில் விளையும் கிழங்கும், காட்டு விலங்கும் அவர்களுடைய உணவு. 1850-களின் தொடக்கத்தில் பாதிரியார்களுடன் சேர்ந்து அவர்கள் ஆற்றங்கரையில் எழுப்பிய கட்டால்டோ தேவாலயம் இன்றும் நிற்கிறது. மாநிலத்தில் எஞ்சியிருக்கும் கட்டடங்களில் அதுவே மிகப் பழையது. 1873-ல் அரசு அவர்களுக்கென வரையறுத்த நிலத்துக்குள் ஏரியின் பெரும்பகுதி அடங்கியிருந்தது. பிறகு மலையில் கனிமம் கிடைத்தது. 1891-க்குள் ஏரியின் வடபகுதி அவர்கள் கையை விட்டுப் போனது. இடையில், 1890 ஜூலை 3-ஆம் நாள், ஐடஹோ நாட்டின் 43-ஆவது மாநிலம் ஆனது.

1885-ல் நோவா கெலாக் என்பவர் ஏரிக்குக் கிழக்கே ஈயமும் வெள்ளியும் கலந்த பாறையைக் கண்டார். ஓடிப்போன கழுதையைத் தேடிப் போன இடத்தில் அது தென்பட்டது என்பது அந்த ஊர்க்கதை. பங்கர் ஹில் சுரங்கம் அங்கிருந்து பிறந்தது. கெலாக் என்ற ஊரும் பிறந்தது. அந்தப் பள்ளத்தாக்கு பின்னாளில் 100 கோடி அவுன்ஸுக்கும் அதிகமான வெள்ளியைத் தந்தது. ஈயமும் துத்தநாகமும் அதற்கு மேல்.

அந்தச் செல்வத்தின் விலையை முதலில் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். கூலிக்காகவும் சங்க உரிமைக்காகவும் 1892-லும் 1899-லும் அவர்கள் போராடியபோது அரசு ராணுவத்தை அனுப்பியது. 1972 மே மாதம் சன்ஷைன் சுரங்கத்தில் தீப்பிடித்து 91 பேர் மாண்டார்கள்.

அடுத்துக் கொடுத்தது ஆறு. பாறையை அரைத்து உலோகத்தைப் பிரித்த பின் மிஞ்சும் கழிவு மணலை, 1960-களின் இறுதி வரை ஆலைகள் நேராக ஓடையில் கொட்டின. கழிவைத் தேக்கிவைக்கத் தனிக் குளம் வேண்டும் என்ற கட்டுப்பாடு அதன் பிறகே வந்தது. ஆறு சாம்பல் நிறமாக ஓடியது. வெள்ளம் வரும்போதெல்லாம் கழிவு வயல்களில் ஏறியது, சதுப்புகளில் படிந்தது, கடைசியில் ஏரிக்குள் இறங்கியது. இன்று அந்த ஏரியின் அடியில் கிடக்கும் உலோகம் கலந்த வண்டல் ஏழரைக் கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள்.

பிறகு குழந்தைகள். 1973-ல் பங்கர் ஹில் உருக்காலையில் புகைத் தூசியைப் பிடிக்கும் வடிகட்டிக் கூடம் எரிந்தது. ஈயத்தின் விலை ஏறியிருந்த காலம் அது. ஆலையை நிறுத்தாமல், போதிய வடிகட்டல் இல்லாமலே நிர்வாகம் ஓட்டியது. மறு ஆண்டு சோதித்தபோது, ஆலையிலிருந்து ஒரு மைலுக்குள் வாழ்ந்த குழந்தைகளில் ஏறத்தாழ எல்லோருடைய இரத்தத்திலும் டெசிலிட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. இன்று 3.5 மைக்ரோகிராம் இருந்தாலே மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்குகிறார்கள். குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தொடும் நஞ்சு இது. லாபக் கணக்கில் இதைவிடக் கொடிய வரி வேறு இருக்க முடியாது.

கழுவி எடுத்த காலம்

உருக்காலை 1981-ல் மூடப்பட்டது. சுமார் 2,000 பேர் வேலை இழந்தார்கள். 1983-ல் மத்திய அரசு அந்த இடத்தை, நாட்டிலேயே மிக மோசமாக மாசுபட்ட நிலங்களுக்கான சூப்பர்ஃபண்ட் பட்டியலில் சேர்த்தது. ஆயிரக்கணக்கான வீடுகளின் முற்றத்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதிய மண் போட்டார்கள். குழந்தைகளின் இரத்தத்தில் ஈயத்தின் அளவு பெருமளவு இறங்கியது. 200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற ஆலைப் புகைபோக்கியை 1996-ல் வெடிவைத்துச் சாய்த்தார்கள். அமிலப் புகையில் மொட்டையாகிப்போன சரிவுகளில் மீண்டும் மரம் நட்டார்கள்.

கனிமம் ஏற்றிச் சென்ற ரயில் பாதை இன்று 117 கிலோமீட்டர் நீளமுள்ள சைக்கிள் பாதை. சுரங்கக் கழிவையே பரப்பிப் போட்ட தடம் அது. ஓடும் பெட்டிகளிலிருந்து கனிமத் தூளும் சிந்தியிருந்தது. அந்த நஞ்சை மூடி வைக்கும் உறையாகவே மேலே தார் போட்டார்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள் என்று பயணிகளுக்கு அறிவுறுத்துகிறார்கள். வசந்தத்தில் வடக்கே பறக்கும் தூந்திர அன்னங்களுக்கு அந்த அறிவுரை எட்டாது. கீழ்நிலச் சதுப்பில் கிழங்கு தேடி மண்ணைக் கிளறும்போது ஈயத்தையும் விழுங்கி மடிகின்றன. ஆலை மூடி நாற்பது ஆண்டுகள் தாண்டிய பின்னும் இது நடக்கிறது.

ஏரிக்கரையிலோ வேறொரு காட்சி. கோர்டலேன் நகரம் இன்று பெயர்பெற்ற உல்லாசத் தலம். அங்குள்ள கோல்ஃப் மைதானத்தில் நீரில் மிதக்கும் புல்திடலே உண்டு. அந்த நகரைக் கொண்ட கூட்னி மாவட்டத்தில் 1970-ல் சுமார் 35,000 பேர் இருந்தார்கள். 2020-ல் 1,71,000 பேர். எல்லோருக்கும் நீரைப் பார்த்தபடி வீடு வேண்டும். சிக்கல் இங்கேதான் புதிதாக முளைக்கிறது. புல்வெளி உரம், கழிவுநீர்த் தொட்டி, விளைநிலம், வெட்டிய காட்டின் மண் ஆகியவற்றிலிருந்து பாஸ்பரஸ் ஏரிக்குள் வருகிறது. பாஸ்பரஸ் பாசியை வளர்க்கும். பாசி மடிந்து அடியில் அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். ஆக்சிஜன் இருக்கும் வரை வண்டலோடு கட்டுண்டு கிடக்கும் உலோகங்கள், அது தீர்ந்தால் நீரில் கரையத் தொடங்கும். இன்னொரு முரணும் உண்டு. நீரில் கரைந்த துத்தநாகம் இத்தனை காலம் பாசியை அடக்கி வைத்திருந்தது. சுத்திகரிப்பால் துத்தநாகம் குறையக் குறைய, பாசிக்கு வழி திறக்கிறது. 2022-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் இந்த ஏரியின் எதிர்காலத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டன. நீர் தெளிந்திருப்பதைப் பார்த்து வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது.

வேறு இரண்டு ஏரிகள்

வடக்கே இருக்கும் பாண்டரே ஏரி 350 மீட்டர் ஆழமானது. இரண்டாம் உலகப் போரில், கடலிலிருந்து வெகுதூரத்தில், அதன் கரையில் ஃபாரகட் கடற்படைப் பயிற்சி நிலையம் எழுந்தது. 1942-ல் திறந்து, இரண்டே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான மாலுமிகளைத் தயாரித்தது. இன்று அந்த இடம் மாநிலப் பூங்கா. நீர்மூழ்கிக் கப்பல்களின் மாதிரிகளைக் கடற்படை இன்றும் அந்த ஏரியில் சோதிக்கிறது. அந்த ஏரிக்குக் காயம் நல்லெண்ணத்தால் வந்தது. கோக்கனி மீனுக்கு இரையாகட்டும் என்று 1960-களில் மைசிஸ் என்ற சிற்றிறாலைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இறாலோ கோக்கனிக் குஞ்சுகளுக்கான இரையைத் தின்றது. ஏரி ட்ரௌட் என்ற வேட்டை மீனைக் கொழுக்க வைத்தது. 2000-ல் கோக்கனி பிடிப்பதற்கே தடை வந்தது. ட்ரௌட்டைப் பிடித்துக் கொடுத்தால் பணம் என்று மாநில அரசு அறிவித்துப் பல ஆண்டுகள் போராடிய பின்னரே, 2013-ல் தடை தளர்ந்தது.

மாநிலத்தின் நடுவே, சாடூத் மலையடியில், ரெட்ஃபிஷ் ஏரி. சாக்கை சால்மன் கடலிலிருந்து 1,400 கிலோமீட்டர் எதிர்நீச்சலிட்டு, 2,000 மீட்டர் உயரத்துக்கு ஏறி, சிவந்து, அங்கே முட்டையிடும். அந்த வழியில் இப்போது எட்டு பெரிய அணைகள். 1991-ல் அந்த மீன் அழியும் இனமாக அறிவிக்கப்பட்டது. 1992-ல் ஒரே ஓர் ஆண் மீன்தான் வந்து சேர்ந்தது. லோன்சம் லாரி என்று மக்கள் பெயரிட்டார்கள். எஞ்சிய மீன்களைத் தொட்டியில் வளர்த்து இனத்தைக் காத்தார்கள். 2014-ல் திரும்பி வந்தவை 1,500-ஐத் தாண்டின. மறு ஆண்டுக் கோடையில் ஆறு சூடேறி, வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன. வளர்ப்பகம் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆற்றை மீட்பதா என்ற கேள்வி இன்னும் தீரவில்லை.

யார் பொறுப்பு?

மாற்றங்களில் எனக்குப் பெரிதாகப் படுவது 2001-ல் வந்த ஒரு தீர்ப்பு. கோர்டலேன் ஏரியின் தென்பகுதி, அதாவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவர்கள் சுரங்க நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்திருந்தார்கள். அரசும் பின்னர் சேர்ந்துகொண்டது. 2011-ல் ஹெக்லா நிறுவனம் 26 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டது. சுரங்கத்தால் ஒரு காசு பார்க்காதவர்கள்தான் அதன் கழிவுக்குக் கணக்குக் கேட்டு, அதைக் கூட்டிக் கழுவும் வேலையிலும் முன்நிற்கிறார்கள்.

வெள்ளி எடுத்தவர்கள் ஏரியைக் கெடுக்க நூறாண்டு போதுமானதாக இருந்தது. அந்தக் கழிவைக் காவல் காக்க எத்தனை நூற்றாண்டு என்று சொல்ல யாருமில்லை. ஏழரைக் கோடி டன் வண்டலை அள்ளி எடுக்க வழியில்லை. ஆக்சிஜன் குறையாமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். அந்தக் காவல் இனிச் சுரங்க முதலாளியிடம் இல்லை. கரையில் புது வீடு கட்டி, புல்லுக்கு உரம் இட்டு, ஏரியின் அழகில் மயங்கிக் குடியேறும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அன்று ஏரியைக் கெடுத்தவர்களுக்குத் தெரியாது என்ற சாக்கு ஓரளவு உண்டு. இன்றைக்கு இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை.