கடைத்தெருவும் கைப்பேசியும் – 9: லிங்க் இல்லாத செய்தியே நல்ல செய்தி

கடையில் நாம் எழுதிக் கொடுக்கும் கைப்பேசி எண் எங்கெல்லாம் போகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்த எண்ணுக்கு ஒரு வியாபாரி எதை அனுப்பலாம், எதை அனுப்பக்கூடாது என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலிருந்தும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலிருந்தும் குறுஞ்செய்திகள் வந்து குவியும். எல்லாம் ‘ஆர்எம்0.00’ என்றே தொடங்கும். இந்தச் செய்தியைப் பெறுவதற்கு உங்களிடம் காசு பிடிக்கமாட்டார்கள் என்று அதற்குப் பொருள். ஒரு காலத்தில் ஐந்து இலக்க எண்களிலிருந்து வந்த ரிங்டோன், ராசிபலன், பரிசுப்போட்டிச் செய்திகள் ப்ரீபெய்டில் போட்ட காசைச் சொல்லாமல் கொள்ளாமல் கரைத்தன. புகார்கள் பெருகியதால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி தலையிட்டது. கட்டணத்தைச் செய்தியிலேயே சொல்ல வேண்டும், ‘ஸ்டாப் ஆல்’ என்று பதில் அனுப்பினால் சேவை நிற்க வேண்டும் என்ற ஒழுங்கு அப்படித்தான் வந்தது.

அடுத்த பெரிய மாற்றம் லிங்குக்கு விதித்த தடை. 2023 மே 2 முதல், தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் குறுஞ்செய்தியில் இணைய முகவரி இருந்தால் தொலைபேசி நிறுவனங்கள் அதைத் தடுக்கத் தொடங்கின. 2024 செப்டம்பர் 1 முதல் இந்தத் தடை வணிக நிறுவனங்களுக்கும் வந்தது. லிங்க் கூடாது, திருப்பி அழைக்கச் சொல்லித் தொலைபேசி எண் தரக்கூடாது, சொந்த விவரம் எதையும் கேட்கக்கூடாது. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல் எதுவானாலும் சரி.

சிறு கடைக்காரர்களுக்கு இது சிரமம்தான், மறுப்பதற்கில்லை. ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160 குறிகள் கிடைக்கும். தமிழ் எழுத்தில் 70தான். காலும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகக் கணக்கில் ஏறும். ‘தீபாவளி’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறி. முன்னால் நிற்கும் ‘ஆர்எம்0.00’ வேறு இடம் பிடிக்கும். இரண்டு வரித் தமிழே இரண்டு செய்தியாக உடைந்து இரட்டைச் செலவு வைக்கும். எனவே, விவரத்துக்கு இங்கே தட்டுங்கள் என்று ஒரு லிங்கைப் போட்டுவிடுவது சுலபமாக இருந்தது. அந்த வழிதான் இப்போது அடைபட்டிருக்கிறது.

லிங்க் இல்லாவிட்டாலும் அனுப்பக்கூடாதவை சில உண்டு. சூதாட்ட அழைப்பு கூடாது, ஆபாசம் கூடாது. ‘அடையாள அட்டை போதும், பத்து நிமிடத்தில் கடன்’ என்று வரும் ஆலோங் (உரிமமற்ற வட்டிக்காரர்) விளம்பரம் கூடவே கூடாது. 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி, உரிமம் இல்லாமல் கடன் கொடுப்பவருக்கு இரண்டரை லட்சம் ரிங்கிட் முதல் பத்து லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். உரிமம் உள்ளவரும் விளம்பரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

நம் கடைத்தெருவில் பலர் அறியாமல் மீறுவது மருந்து விளம்பர விதியைத்தான். 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தின் அட்டவணையில் 20 நோய்களும் குறைபாடுகளும் இருக்கின்றன. நீரிழிவு, ரத்தக்கொதிப்பு, இதய நோய், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, புற்றுநோய், மலட்டுத்தன்மை எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது. ‘சர்க்கரை நோய்க்குச் சூரணம் வந்துவிட்டது’ என்று மூலிகைக் கடைக்காரர் நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும் குற்றம் குற்றமே. நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சூரணத்தை நம்புகிறவர் படும் பாட்டை நினைத்தால் இந்த விதியின் அருமை தெரியும்.

லிங்க் கூடாது என்ற விதியைத் தவறாமல் கடைப்பிடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2024இன் இறுதியிலும் 2025இலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் காவல்துறையும் எம்சிஎம்சியும் சில கார்களைப் பிடித்தன. அவற்றுக்குள் போலிச் சமிக்ஞைக் கோபுரக் கருவிகள் இருந்தன. கார் நெரிசலான இடங்களில் சுற்றும்போது, அருகிலுள்ள கைப்பேசிகளை அந்தக் கருவி பழைய 2ஜி அலைவரிசைக்கு இழுக்கும். எதிரே இருப்பது உண்மையான கோபுரம்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு 2ஜியில் கிடையாது. உங்கள் புள்ளிகள் இன்றோடு காலாவதியாகின்றன, உடனே பெற்றுக்கொள்ளுங்கள் என்று தெரிந்த நிறுவனத்தின் பெயரிலேயே செய்தி வந்து விழும். தொலைபேசி நிறுவனத்தின் கட்டமைப்பைத் தொடாமலே வருவதால் அங்குள்ள எந்த வடிகட்டியும் அதை நிறுத்தாது.

அந்த இடத்தில் நம்மைக் காப்பது ஒரே ஓர் அறிவுதான்: நேர்மையான நிறுவனம் குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்பாது. அம்மாவும் பாட்டியும்கூட இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நல்ல கடைக்காரர் ஒருவர், நம் வாடிக்கையாளர்தானே என்று ஏதோ ஒரு வழியில் லிங்க் அனுப்பினால் அந்த அறிவு மழுங்கிவிடும். நேற்று கடையிலிருந்து வந்த லிங்க் சரியாக இருந்தது, இன்று வங்கியிலிருந்து வந்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று மனம் பழகிவிடும். நல்லவர் செய்யும் சிறிய மீறல்தான் மோசடிக்காரனுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

எப்படித்தான் எழுதுவது? இப்படி எழுதலாம்: ‘ஆர்எம்0.00 (கடையின் பெயர்), தெங்கு கிளானா சாலை, கிள்ளான்: பட்டுச் சேலைக்கு 30% கழிவு. வெள்ளி முதல் ஞாயிறு வரை, காலை 10 – இரவு 9.’ யார், எங்கே, என்ன, எப்போது, நான்கும் வந்துவிட்டன. தட்டவோ அழைக்கவோ எதுவும் இல்லை. சேலை வேண்டியவர் கடைக்கு வருவார்.

இனி அனுப்பாதீர்கள் என்று வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் நிறுத்தியாக வேண்டும். அந்த உரிமையை 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. அச்சட்டத்தின் ஆணையர் உத்தரவிட்ட பிறகும் நிறுத்தாதவருக்கு இரண்டு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டு ஆண்டு வரை சிறையோ காத்திருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தவறிப்போய் லிங்கைத் தட்டி விவரம் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் மறைக்காதீர்கள். உடனே உங்கள் வங்கியையோ, 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தையோ அழையுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும்.

வியாபாரிகளுக்கும் ஒன்று. இந்தத் தீபாவளிக்குச் செய்தி அனுப்பும்போது, ‘எங்கள் கடை குறுஞ்செய்தியில் லிங்க் அனுப்பாது’ என்று கல்லாவுக்கு அருகே தமிழில் ஓர் அட்டை மாட்டி வையுங்கள். ஒரு தெரு முழுக்க அப்படி மாட்டினால், அந்தத் தெருவின் பெயரைச் சொல்லி யாரும் ஏமாற்றுவது கடினம்.

(அடுத்த வாரம்: வாட்ஸ்அப்புக்கு மாறிய கடைகளும் அங்குள்ள விதிகளும்)