ஸ்க்ரப் டைபஸ் பிறபொருளெதிரிச் சோதனை

ஸ்க்ரப் டைபஸ் பிறபொருளெதிரிச் சோதனை என்பது ஓரியன்சியா சுட்சுகாமுசி என்னும் பாக்டீரியாவின் தொற்றைக் குருதியில் கண்டறியும் ஆய்வுகூடச் சோதனை ஆகும். இத்தொற்று சிலருக்கு மூளையையும் மூளையுறையையும் தாக்குகிறது. நோயைப் பரப்புவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணியின் இளவுயிரி. உண்ணிக்காய்ச்சல் என்று அழைக்கப்பட்டாலும் மாட்டுண்ணி இதனைப் பரப்புவதில்லை.

புதரும் புல்லும் எலிகளும் சேர்ந்த இடங்களே சிற்றுண்ணிகளின் வாழிடம். பழனி மலையின் காட்டோரங்கள் இத்தகையன. கடித்து 6 முதல் 21 நாட்கள் கழித்தே காய்ச்சல் தோன்றும். ஆகவே கொடைக்கானலில் கடிபட்ட ஒருவர் மதுரைக்கோ சென்னைக்கோ திரும்பிய பின்னரே நோயுறக்கூடும். பயணத்தை மருத்துவரிடம் கூறுவது இன்றியமையாதது.

சோதனையின் தேவை

இந்நோயில் முதுகுத்தண்டு நீரில் நிணவணுக்களும் புரதமும் சற்று மிகுந்திருக்கும். காசநோய் மூளைக்காய்ச்சலிலும் வைரசு மூளைக்காய்ச்சலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். இப்பாக்டீரியா உயிரணுக்களுக்குள் மட்டுமே பெருகுவதால், வழக்கமான வளர்ப்பூடகத்தில் வளராது. தவறாகக் கணித்தால் நோயாளி பல மாதங்கள் காசநோய் மருந்து உண்ண நேரிடும். உரிய மருந்தான டாக்சிசைக்ளினோ மலிவானது. உத்தரப்பிரதேசத்தின் கோரக்பூரில் ஆண்டுதோறும் குழந்தைகளைப் பலிகொண்ட மூளை அழற்சியில் பெரும்பங்கு இந்நோயினுடையது என்பதை 2015, 2016 ஆண்டுகளில் நடந்த பிறபொருளெதிரிச் சோதனைகளே வெளிக்கொணர்ந்தன.

முறைகள்

வைல், பெலிக்ஸ் ஆகியோர் 1916 இல் உருவாக்கிய சோதனை பழமையானது. டைபஸ் நோயாளியின் குருதிநீர், தொடர்பே இல்லாத புரோட்டியசு பாக்டீரியாவைத் திரளச் செய்கிறது. ஸ்க்ரப் டைபசுக்கு உரிய வகை ஓஎக்ஸ்கே. இதிலுள்ள 'கே', மலாயாவில் பணியாற்றிய கிங்ஸ்பரியின் பெயரைக் குறிக்கும். மலிவான இச்சோதனை பல நோயாளிகளைத் தவறவிடுகிறது. எலைசா முறையில், பாக்டீரியாவின் 56 கிலோடால்டன் புரதம் பூசிய குழிகளில் குருதிநீரை இட்டு, ஐஜிஎம் வகைப் பிறபொருளெதிரி நிறமாற்றத்தால் அறியப்படுகிறது. ஒளிர்வுச் சோதனை ஒப்பீட்டளவாகக் கொள்ளப்பட்டாலும் அதற்குரிய நுண்ணோக்கியும் பயிற்சியும் சிறு மருத்துவமனைகளில் அரிது.

குறைகள்

முதல் வாரத்தில் பிறபொருளெதிரி போதிய அளவு உருவாகாததால், அப்போது எதிர்மறை முடிவை நம்ப இயலாது. மாறாக, ஐஜிஎம் பல மாதங்கள் குருதியில் தங்கக்கூடும். நோய் மிகுந்த ஊர்களில் பழைய தொற்றும் புதியதாகத் தோன்றும். இரு வார இடைவெளியில் எடுத்த இரண்டாம் மாதிரியில் நான்கு மடங்கு உயர்வு காணப்பட்டால் ஐயம் நீங்கும். அதுவரை சிகிச்சையைத் தள்ளிவைப்பதில்லை. அக்குளிலோ தொடையிடுக்கிலோ வலியற்ற கரும்பொருக்கு இருக்கிறதா எனத் தேடிப் பார்த்து, ஐயம் வலுத்தால் உடனே மருந்து தொடங்கப்படுகிறது.