படைக்கலப் பொறிப்பும் நிற நிரப்பும்

உருக்கின்மீது பொறிக்கப்பட்ட எழுத்தொன்று கண்ணுக்குப் புலனாவது பள்ளத்துள் வீழும் நிழலினாலேயாம். ஒளி சாய்ந்து வீழுமிடத்து எழுத்துத் தெளிவாய்த் தோன்றும்; நேரே வீழின் உலோகத்தின் மினுக்கத்துள் மறைந்துவிடும். ஆதலினாலேயே துவக்கிற் பொறிக்கப்பட்ட இலக்கங்களுக்கும், குறிபார்க்கும் அளவுகோடுகளுக்கும் வெண்ணிறமோ செந்நிறமோ ஊட்டுதல் வழக்கமாயிற்று. சுடத்தக்க நிலையோ, பூட்டப்பட்ட நிலையோ என்பதை உணர்த்தும் சிறு குறியொன்று மங்கல் வெளிச்சத்திற் படிக்கப்படாதொழியின் விளைவது உயிர்ச்சேதமாகலாம்.

செய்முறை எளிதே. முதலிற் பள்ளத்திலுள்ள எண்ணெய்ப் பசையை முற்றாகக் களைதல் வேண்டும். பசை எஞ்சின் நிறம் பற்றாது. பின் குழம்பான வண்ணத்தையோ நிறமெழுகையோ பள்ளம் நிறைய இட்டு, மேற்றளத்திற் படிந்ததைத் துடைத்தெடுப்பர். திறன் வேண்டப்படுவது இத்துடைப்பிலேயே. துணியைத் தளரப் பிடித்துத் துடைத்தால் அது பள்ளத்துள் இறங்கி இட்டதையெல்லாம் அள்ளிவிடும். தட்டையான கட்டையொன்றிற் சுற்றிக் கோட்டுக்குக் குறுக்காக இழுத்தாலே தளம் தூயதாகிப் பள்ளம் நிறைந்து நிற்கும்.

ஆயினும் இந்நிறம் நெடுங்காலம் நில்லாது. துவக்கைத் துப்புரவாக்கும் கரைப்பான்களே அதனையும் மெல்லமெல்லக் கரைத்துவிடும். கண்ணாடிப் பொருளை உருக்கி ஊற்றும் எனாமல் வேலை நிலைபேறுடையதுதான்; ஆனால் அதற்கு வேண்டும் செங்கனல் வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும். இவ்விடர்ப்பாட்டுக்குப் பண்டைக் கம்மியர் கண்ட விடைகள் இரண்டு.

ஒன்று வெள்ளிக்குரியது. வெள்ளி, செம்பு, ஈயம் என்பவற்றை உருக்கிக் கந்தகத்தோடு சேர்க்கப் பெறப்படும் கருநிறப் பொருளை மேனாட்டார் நியெல்லோ என்பர். அதனைப் பொடித்து, வெள்ளியிற் செதுக்கிய கோடுகளிலிட்டு, மிதமான வெப்பத்தில் உருகவைத்து, ஆறியபின் அராவி மெருகிடுவர். கி.பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினி இத்தகைய கலவையொன்றைக் குறித்துள்ளார். அவர் கூறுவதில் ஈயம் இல்லை. இத்தாலியப் பொற்கொல்லர் செல்லினி 1568இல் வெளியிட்ட நூலில் வெள்ளி ஒரு பங்கு, செம்பு இரு பங்கு, ஈயம் மூன்று பங்கு என அளவு வகுத்தார். தாம் தொழில் பயிலத் தொடங்கிய 1515இலேயே இக்கலை ஏறக்குறைய வழக்கொழிந்திருந்தது என்றும் அவர் வருந்துகின்றார். கோக்கசு மலைநாட்டில் அது ஒழியவில்லை. தாகெசுத்தானிலுள்ள குபாச்சிக் கம்மியர் வாள், கட்டாரி, துவக்கு ஆகியவற்றின் வெள்ளிப் பூண்களிற் பிற்காலத்திலும் இவ்வேலையைச் சிறப்பச் செய்தனர்.

மற்றொன்று உருக்குக்கே உரியது. பதினாறாம் நூற்றாண்டில் யேர்மனியக் கம்மியர் கவசங்களையும் வாளலகுகளையும் உளியாற் செதுக்காது அமிலத்தால் அரித்து அணிசெய்தனர். மெழுகு அல்லது வார்னிசு பூசிய இடம் அரிப்புக்குத் தப்பும். பூசாத இடம் தாழும். உருவங்களுக்குப் பின்னணியாகத் தாழ்ந்த அத்தளத்திற் சிறுமணிகள் போன்ற புள்ளிகளை எஞ்சவிடுதல் அவர்தம் பாணி. பின் விளக்குக்கரியை எண்ணெயிற் குழைத்து அதிலே தேய்த்துச் சூடேற்றி இறுகச் செய்வர். கரிய நிலத்தில் வெள்ளிய உருவங்கள் மேலெழுந்து தோன்றும்.

இப்பட்டறைகளிலிருந்தே பிறிதொரு கலையும் கிளைத்தது. பள்ளத்தில் நிறைத்த கருமை உலோகத்தோடு ஒட்டி நிற்பது கவசத்துக்கு வேண்டும். அது ஒட்டாது ஈரக் கடதாசியில் ஏறிவருமாயின் கிடைப்பது ஓர் அச்சுப்படம். ஒக்சுபேர்க்கு நகரில் கவசங்களுக்கு அணிசெய்த தானியல் கொப்பர், 1500ஆம் ஆண்டையடுத்து, தாம் பழகிய இரும்புத் தகட்டையே இதற்குப் பயன்படுத்தினார். அவ்வழி நின்று தியூறர் 1515 முதல் 1518 வரை ஆறு படங்களை ஆக்கினார். இறுதியானது பீரங்கியொன்று நிற்கும் நிலக்காட்சி. இரும்பு துருவேறுமாதலால் அத்தகட்டிலிருந்து பிற்காலத்தில் எடுத்த படிகளிற் துருப்புள்ளிகள் காணப்படுகின்றன. செப்புத் தகட்டை உளியாற் செதுக்கி அச்சிடும் முறையோ இதற்கும் முந்தியது. அதனைப் புளோரன்சு நகரத்து நியெல்லோக் கம்மியரான பினிகுவெரா 1460ஆம் ஆண்டளவிற் கண்டார் என வசாரி எழுதினார். ஆனால் 1446 எனத் திகதியிட்ட யேர்மனியப் படமொன்று இருத்தலின் அக்கூற்று நில்லாது. தம் ஊரார்க்குப் பெருமை தேடுமிடத்து வசாரியின் எழுதுகோல் சற்று விரைந்தோடும்.

அக்கருமை மிகுதியும் அழிந்தது மனிதர் கையாலேயே. கவசமென்றால் வெண்மையாய் ஒளிரவேண்டும் எனக் கருதிய பின்னையோர் பலவற்றை மணலும் பொடியும் கொண்டு தேய்த்தனர். கரிநிரப்பு மட்டுமன்றி, உருக்கிற்குச் சூட்டால் ஏற்றிய நீலமும் கபிலமும் உடன் ஒழிந்தன. இன்று பழந்துவக்குகளிற் புதுநிறம் ஊட்டுவோர் இதற்கு எதிர்மாறான தவறு செய்கின்றனர்: மங்கிய முத்திரையில் அழுத்தமான வண்ணத்தை நிரப்பியபின், எது பழையது, எது புதியது எனப் பிரித்தறிதல் அரிதாகிவிடுகிறது. எளிதில் நீங்கும் மெழுகோடு அமைவார் செயல் அத்துணைக் கேடு விளைக்காது. நூதனசாலைகளிற் கவசங்களை ஆராய்வோர் முதலில் நோக்குவது மார்புத் தகட்டின் நடுவையன்று. ஒரு தகடு மற்றொன்றின்மேல் ஏறி மறைத்த விளிம்புகளையும், தோல்வார் கிடந்த இடங்களையுமே. தேய்ப்பவர் கை எட்டாத அவ்விடங்களிற் பழைய கருமை சில வேளைகளில் இன்றும் எஞ்சியிருக்கும்.