இசை பழகும் வயது – 9: நாற்பதுக்கு மேல் வீணை

வயது வந்த பிறகு முதன்முறையாகக் கருவியைத் தொடுபவருக்கு, கர்நாடக இசைக் கருவிகளில் வீணை அளவுக்கு இடம் கொடுப்பது வேறில்லை. காரணம், சுரத்தின் இடத்தைக் காட்டும் மெட்டு. வயலினில் விரல் நூலிழை நகர்ந்தாலும் சுரம் பிசகும். சுரம் சுத்தமாக நிற்கவே மாதக்கணக்கில் ஆகும். புல்லாங்குழலில் முதலில் ஊதும் காற்று நாதமாக மாற வேண்டும். வீணையிலோ 24 மெட்டுகளும் மெழுகில் ஊன்றப்பட்டு, அவையவை தம் இடத்தில் காத்து நிற்கின்றன. தந்தியை மெட்டின் மேல் அழுத்தி மீட்டினால் முதல் நாளே சுத்தமான சுரம் எழும். பல ஆண்டுகள் நல்ல பாட்டைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது பெரிய ஆறுதல். குழந்தைக்குத் தன் அபசுரம் பெரிதாக உறுத்துவதில்லை. நாற்பது வயதுக்காரருக்கு அது உறுத்தும். வயலினை ஆசையோடு வாங்கிய பெரியவர்களில் பலர் சில மாதங்களிலேயே அதைப் பெட்டிக்குள் வைத்துவிடுவதற்கு விரலைவிட இந்த உறுத்தல்தான் காரணம்.

இன்று நாம் காணும் 24 மெட்டு வீணை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றது. பலா மரத்தில் குடைந்த குடம், அதிலிருந்து நீளும் தண்டி, தண்டியின் முனையில் யாளி முகம், அதற்குக் கீழே சுரைக்காய் என்பது அதன் உருவம். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தந்திகள் மொத்தம் ஏழு. சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என நான்கு வாசிக்கும் தந்திகள். பக்கத்தில் தாளத்துக்கும் சுருதிக்கும் மூன்று. சாரணியைத் திறந்த தந்தியாக மீட்டினால் அது மத்திய ஸ்தாயி ஸட்ஜம். 12-ஆம் மெட்டு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக வெட்டுவதால், அங்கே அழுத்தினால் மேல் ஸட்ஜம் பேசும்.

முதல் சோதனை உட்காருவதுதான். வீணை மரபாகத் தரையில் சம்மணமிட்டு வாசிக்கும் கருவி. குடம் வலப்பக்கம் தரையில் இருக்க, சுரைக்காய் இடது தொடையில் அமரும். மேசை நாற்காலியிலேயே இருபது, முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவருக்குப் பத்து நிமிடத்தில் கால் மரத்துவிடும். ஒரு கெட்டியான மணையின் மேல் அமர்ந்து இடுப்பைச் சற்று உயர்த்திக்கொண்டால் பாதிச் சிரமம் குறையும். மூட்டு ஒத்துழைக்காதவர் நாற்காலியில் அமர்ந்து, வீணையைத் தாங்கியில் வைத்து வாசிக்கலாம். அதை மரபு மீறல் என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம். முதுகு வளையாமல் இருப்பதும் இடது தோள் தளர்ந்திருப்பதுமே முக்கியம்.

பாடம் மற்ற இடங்களைப் போலவே மாயாமாளவகௌளை ராகத்தில், சரளி வரிசையில் தொடங்குகிறது. 15-ஆவது மேளமான இந்த ராகத்தில் ஆரம்பப் பாடங்களை அமைத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. வீணைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை மெட்டுகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். திறந்த தந்தி ‘ச’. ‘ரி’ 1-ஆம் மெட்டில். பிறகு ‘க’ 4, ‘ம’ 5, ‘ப’ 7, ‘த’ 8, ‘நி’ 11, மேல் ‘ச’ 12. க-ம, ப-த, நி-ச என்று மூன்று ஜோடிகள் அடுத்தடுத்த மெட்டுகளில் வந்து விழுகின்றன. ஆள்காட்டி விரல் ஜோடியின் கீழ்ச் சுரத்திலும் நடுவிரல் மேல் சுரத்திலும் இயல்பாக உட்காரும்.

கடினம் தாவலில் இருக்கிறது. 1-லிருந்து 4-க்குத் தாவும் தூரம் நான்கு விரல் அகலத்தைத் தாண்டும். 8-லிருந்து 11-க்கும் மூன்று மெட்டுத் தாவல்தான். ஆனால் குடத்தை நெருங்க நெருங்க மெட்டுகள் நெருக்கமாவதால் அந்தத் தூரம் முன்னதில் மூன்றில் இரண்டு பங்கே. ஒரே ‘மூன்று மெட்டு’ இரண்டு வேறு தூரங்களாக இருப்பதைக் கணக்கு தெரிந்த பெரியவர் உடனே புரிந்துகொள்வார். கை புரிந்துகொள்ள ஒரு மாதமாவது ஆகும்.

முதல் சில வாரங்களில் விரல் நுனி எரியும். எஃகுத் தந்தி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் ஒரு கோடு போடும். அந்தக் கோட்டில் உலோகக் கறுப்பு ஏறும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் முழுதாகப் போகாது. பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தேங்காய் எண்ணெயில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டு, அவ்வப்போது விரலைத் தொட்டுக்கொள்வது வீணைக்காரர்கள் வழக்கம். தந்தியின் மேல் விரல் வழுக்கிச் செல்லவும் தோல் கிழியாமல் இருக்கவும் அது உதவும். கொஞ்ச நாளில் அந்த இடம் காய்த்துவிடும். பிறகு வலி இல்லை. விரல் நுனி வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. மணிக்கட்டோ தோளோ வலித்தால் வீணையை வைத்துவிட்டு ஆசிரியரிடம் கேட்க வேண்டும். தந்தியைத் தேவைக்கு மேல் அழுத்துகிறார் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். பெரியவர்கள் எல்லோருமே தொடக்கத்தில் அழுத்துவார்கள்.

வலக்கையின் வேலை தனி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தந்தியை மீட்ட, சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தட்டும். இடக்கை சுரத்தைத் தேட, வலக்கையின் இரண்டு விரல் மீட்ட, மூன்றாவது விரல் ஆதி தாளத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்ற வேண்டும். வயதில் பழகுபவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். சுண்டுவிரல் மறந்துபோகும், அல்லது சுண்டுவிரல் தட்டும்போது மீட்டு நின்றுபோகும். சில வாரங்கள் இடக்கையைத் தந்தியில் வைக்காமலே, திறந்த சாரணியில் மீட்டும் தாளமும் மட்டும் பழகுவது நல்ல வழி. இது சலிப்பூட்டும், ஆனால் பலன் தரும். தாளத் தந்தி கையோடு கலந்துவிட்டால் பின்னால் கீதமும் வர்ணமும் வாசிக்கும்போது தாளத்துக்காகத் தனியே கவலைப்பட வேண்டியிருக்காது.

குழந்தைக்கும் பெரியவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கட்டத்தில் தெளிவாகத் தெரியும். 72 மேளகர்த்தா என்றால் என்ன, ஜண்டை வரிசையில் இரண்டாவது சுரத்துக்கு ஏன் அழுத்தம் என்றெல்லாம் ஒரே வகுப்பில் பிடித்துக்கொள்பவர் பெரியவர். குழந்தைக்கு இவை எதுவும் புரியாது; ஆனால் அதே வரிசையை ஐம்பது தடவை வாசிக்கச் சொன்னால் அது வாசித்துவிடும். பெரியவரின் அறிவு கையைவிட வெகுதூரம் முன்னே போய் நிற்கிறது. ‘புரிந்துவிட்டது, அடுத்த பாடம்’ என்று அவர் அவசரப்படுவதுதான் வயதில் பழகுபவர்களின் மிகப் பெரிய சிக்கல். சரளி வரிசை மூன்று காலத்திலும் சீராக வராமல் ஜண்டைக்கோ, அதைவிட மோசமாகச் சினிமாப் பாட்டுக்கோ தாவியவர் ஓர் ஆண்டு கழித்துத் திரும்ப முதல் பாடத்துக்கே வர வேண்டியிருக்கும்.

மெட்டு தரும் சலுகை கமகத்தில் முடிந்துவிடுகிறது. தோடி ராகத்தின் காந்தாரம் எந்த மெட்டின் மேலும் அசையாமல் நிற்கும் சுரமல்ல. கீழ் மெட்டில் விரலை ஊன்றி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அதை அசைத்துத்தான் வரவழைக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்பதற்கு மெட்டில் குறி கிடையாது, காதுதான் அளவுகோல். ஆகவே வீணை பழகுபவர் வாய்விட்டுப் பாடியே ஆக வேண்டும். குரல் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வீணை பெரும்பாலும் இரண்டரை, மூன்று கட்டைச் சுருதியில் இருக்கும். பெண்களுக்கு அது தாழ்வாகவும் ஆண்களுக்கு உயரமாகவும் படும். முணுமுணுத்தாலும் போதும். வாயில் வராத கமகம் விரலில் வராது. இங்கே வயது கைகொடுக்கிறது. வானொலியிலும் ஒலிநாடாவிலும் கச்சேரியிலும் முப்பது ஆண்டுகள் தோடி கேட்டவரின் மனதில் அந்தக் காந்தாரம் ஏற்கெனவே இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அதை முதலில் மனதில் ஏற்ற வேண்டும்.

மூளை ஆய்வுகளும் இரு பக்கமும் பேசுகின்றன. தந்திக் கருவி வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பகுதி விரிந்திருப்பதையும், சிறுவயதில் தொடங்கியவர்களிடம் அந்த விரிவு கூடுதலாக இருப்பதையும் 1995-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட ஆய்வு காட்டியது. சிறுவயதுக்குத் தனிப் பலன் உண்டு என்பதை மறுக்க முடியாது. மறுபக்கம், 60 முதல் 85 வயது வரையிலானவர்களுக்கு ஆறு மாதம் பியானோ சொல்லிக்கொடுத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பழகியவர்களின் கவனமும் சிந்தனை வேகமும், பழகாதவர்களோடு ஒப்பிடும்போது மேம்பட்டிருந்தன. கதவு குறுகுகிறதே தவிர மூடுவதில்லை.

வயதில் தொடங்கியவர்களுக்கு முன்மாதிரியாக வீணை எஸ். பாலசந்தரைச் சிலர் சொல்வதுண்டு. ஆசிரியர் இல்லாமல் வீணையைத் தானே பழகியவர் அவர். ஆனால் அதற்கு முன்பே, சிறுவனாக இருந்தபோதே கஞ்சிராவும் தபேலாவும் சிதாரும் அவர் கையில் பேசின. அவரை அளவுகோலாக வைத்தால் மனம் சோர்ந்துபோகும். இன்னும் பொருத்தமானவர் அமெரிக்கக் கல்வியாளர் ஜான் ஹோல்ட். நாற்பது வயதில் செல்லோ பழகத் தொடங்கி, அந்த அனுபவத்தை 1978-இல் புத்தகமாகவே எழுதினார். உலகமெங்கும் குழந்தைகளுக்கு வயலின் கற்பிக்கும் முறையை உருவாக்கிய ஜப்பானியர் ஷினிச்சி சுசுகியும், தந்தை வயலின் தொழிற்சாலை நடத்திய குடும்பத்தில் பிறந்தும், வாசிக்கத் தொடங்கியது பதினேழு வயதில்தான்.

ஆசிரியரைத் தேடுவதில் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தமிழக அரசின் மாவட்ட இசைப் பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரையிலானவர்களைத்தான் சேர்க்கிறார்கள். அதற்கு மேற்பட்டவருக்குப் பெரும்பாலும் தனி ஆசிரியரே வழி. ஆசிரியர் தன்னைவிட இருபது வயது இளையவராக இருக்கலாம். அவர் ‘ஆன்ட்டி’, ‘சார்’ என்று அழைத்துக்கொண்டே தவறைச் சொல்லத் தயங்கினால் பாடம் நகராது. முதல் நாளே ‘என்னைத் தாராளமாகத் திருத்துங்கள் டீச்சர்’ என்று மாணவர் சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. வாரத்துக்கு இரண்டு வகுப்பும் தினமும் அரை மணி முதல் முக்கால் மணி வரை சாதகமும் இருந்தால், பொதுவாக ஓர் ஆண்டையொட்டிக் கீதங்களுக்கு வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் வாசிப்பதைவிடத் தினமும் அரை மணி வாசிப்பது மேல். விரல் காய்ப்பதும் கை நினைவில் வைப்பதும் தினசரிப் பழக்கத்தால்தான்.

இன்னொரு வகையினரும் உண்டு. கல்யாணத்துக்கு முன் வர்ணம் வரை வாசித்து, பிறகு வீணையை உறையில் போட்டு மூடிவைத்த பெண்கள். இவர்கள் புதியவர்கள் அல்ல. கை பழைய பாடங்களை வியக்கத்தக்க வேகத்தில் நினைவுபடுத்திக்கொள்ளும். கூடவே பழைய தவறான விரல்வைப்பையும் நினைவுபடுத்தும். முதல் மாதத்தை அதைத் திருத்துவதற்கே ஒதுக்குவது நல்லது. அப்படி ஒரு வீணை வீட்டில் இருந்தால் புதிது வாங்க வேண்டியதில்லை. வெயிலிலும் வெப்பத்திலும் மெழுகு இளகி மெட்டுகள் இடம் மாறியிருக்கும், தந்தி துருப்பிடித்திருக்கும், தந்தி முறுக்கும் பிரடை இறுகியிருக்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து மேளம் கட்டி, அதாவது மெட்டுகளைத் திரும்ப மெழுகில் ஊன்றி, தந்தி மாற்றினால் போதும். குடத்திலும் தண்டியிலும் விரிசல் இல்லாத பலா மர வீணை முப்பது ஆண்டு மூலையில் கிடந்த பிறகும் நன்றாகப் பேசும்.

(தொடரும்)