பாகம் மாற்றியும் தீராத டிராக்டர் கோளாறு

தாமிரபரணிப் பாசனத்தில் தொழி உழவு, அணைத் தண்ணீர் வரும் நாளை ஒட்டியே நடக்கிறது. கன்னடியன் கால்வாயிலும் பாளையங்கால்வாயிலும் தண்ணீர் வந்து, நாற்றும் பறிக்கத் தயாராக நிற்கும்போது டிராக்டர் படுத்துக்கொண்டால் நாற்று முற்றிப்போகும். முற்றிய நாற்றை நட்டால் தூர் கட்டுவது குறையும். மூன்று நாள் தாமதம் அறுவடையில்தான் தெரியும்.

கோளாறு ஒரு முறை வந்து தீர்ந்துவிட்டால் கவலை இல்லை. பாட்டரி மாற்றி, ஸ்டார்ட்டர் மாற்றி, டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டிய பிறகும் அதே கோளாறு திரும்ப வருவதுதான் பலருடைய குறை. இது டிராக்டருக்கு மட்டும் உள்ள குறை அல்ல. கார், லோடு வண்டி வைத்திருப்போரும் இதையே சொல்கிறார்கள். கெட்டுப்போன பாகத்தை மாற்றுவது வேறு, அது கெட்ட காரணத்தைக் கண்டுபிடிப்பது வேறு. காரணம் அப்படியே இருந்தால் புதுப் பாகமும் கெடும்.

பணிமனையில் ஏன் தெரிவதில்லை?

சேற்றில் மூன்று மணி நேரம் உழுத சூட்டில் வரும் கோளாறு, கழுவிக் காயவைத்த டிராக்டரில் வராது. பணிமனையில் முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்கும் சந்தேகப்பட்ட ஒரு பாகத்தை மாற்றி அனுப்பிவிடுவார். ஆகவே கோளாறு வரும் நிலைமையைச் சொல்லக்கூடியவர் டிராக்டரை ஓட்டுபவர்தான். தேதி, மணிமீட்டர் காட்டும் எண், எஞ்சின் சூடாக இருந்ததா, சேற்றில் ஓடியதா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஓடியது ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைப்பது அவசியம்.

எர்த் கம்பியைக் கவனியுங்கள்

சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தம் மட்டும் கேட்கும், எஞ்சின் சுற்றாது. உடனே பாட்டரியையோ ஸ்டார்ட்டரையோ குறை சொல்வது வழக்கம். முதலில் பார்க்க வேண்டியது பாட்டரியிலிருந்து டிராக்டரின் உடலுக்குப் போகும் எர்த் கம்பியை. தொழியில் தெறிக்கும் சேற்றுநீர் அதன் போல்ட்டின் அடியில் புகுந்து துருவை உண்டாக்குகிறது.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது சுமார் 300 ஆம்பியர் மின்சாரம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். துருவினால் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டாலும் 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். 12 வோல்ட் பாட்டரியில் 3 வோல்ட் போனால் ஸ்டார்ட்டர் எப்படிச் சுற்றும்?

சோதிப்பது எளிது. கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒருவர் ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மற்றவர் மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெறும் இரும்பிலும் வைத்துப் பார்க்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பு கெட்டிருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுக. பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையிலும் இதே போல் பார்க்கலாம்.

இரவில் இறங்கும் பாட்டரி

எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது என்று பொருள். அப்படியிருந்தும் காலையில் பாட்டரி இறங்கியிருந்தால், எங்கோ மின்கசிவு இருக்கலாம். எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பாட்டரி முனைக்கும் நடுவே ஒரு சிறு 12 வோல்ட் பல்பை இணைத்துப் பாருங்கள். பல்பு எரிந்தால் கசிவு உண்டு. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தால், எதை எடுத்ததும் பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் குற்றம். எதை எடுத்தும் அணையாவிட்டால், பியூஸ் இல்லாத ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் கம்பிகளைப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் சூடேறுவதும் பாட்டரி சார்ஜ் ஆகாமல் போவதும் சேர்ந்து வந்தால் ஃபேன் பெல்ட்டைப் பாருங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் தண்ணீர்ப் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் சுற்றுவது அந்த ஒரே பெல்ட்தான். கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் இறங்குவது சரியான இறுக்கம். கம்பெனிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்க.

ஓடி ஓடி நிற்கும் எஞ்சின்

ஒரு மணி நேரம் ஓடி நின்று, சற்று ஆறியதும் மறுபடி ஓடும் எஞ்சினுக்கு உடனே பம்பைக் கழற்றக் கூடாது. டீசல் டாங்கியின் மூடியில் காற்றுத் துளை உண்டு. அது சேற்றால் அடைபட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்காது. எஞ்சின் நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, எஞ்சினும் ஓடத் தொடங்கினால் காரணம் அதுவே.

அடிக்கடி காற்றுப் பிடித்து, வெளியேற்றிய பிறகும் மீண்டும் பிடித்தால், டாங்கிக்கும் ஃபீடு பம்புக்கும் இடையில் தேடுங்கள். அங்கே வாஷர் தேய்ந்திருந்தால் டீசல் வெளியே ஒழுகாமலேயே காற்று உள்ளே புகும். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒளி ஊடுருவும் குழாயை மாட்டினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும்.

செய்யக் கூடாதவை

எஞ்சின் ஓடும்போது பாட்டரிக் கம்பியைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும், ஆல்டர்னேட்டர் கெடும். ஸ்டார்ட்டர் முனைகளைத் திருப்புளியால் இணைத்து ஓட்டவும் கூடாது. கியரில் இருந்தால் டிராக்டர் பாய்ந்து ஆளை நசுக்கிவிடும். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதி வந்திருக்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள அத்தகைய எஞ்சின்களில் எரிபொருள் பாகங்களைத் தாமாகக் கழற்ற வேண்டாம். உத்தரவாதக் காலத்தில் எந்த டிராக்டரிலும் துடைப்பது, இறுக்குவது, சோதிப்பது ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நலம்.

எழுத்து மூலம் கேளுங்கள்

பணிமனைக்கு விடும்போது 'சர்வீஸ்' என்று மட்டும் எழுத விடாதீர்கள். நோட்டில் குறித்த கோளாறை ஜாப் கார்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தையும், சோதித்த அளவுகளையும் கேளுங்கள். உத்தரவாதத்தில் மாற்றிய பாகத்தை அவர்களே வைத்துக்கொண்டால் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் கோளாறு வரும் நேரத்தில் மெக்கானிக்கை வயலுக்கே வரவழையுங்கள்.

அப்படியும் தீராவிட்டால் நுகர்வோர் சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற தொலைபேசி எண்ணில் முதலில் முறையிடலாம். விவசாயிகளும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழக வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் புது வண்டியே கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மாருதி உத்யோக் நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வழக்கில், உத்தரவாதப்படி குறையுள்ள பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழுக் காரையும் மாற்றித் தர வேண்டியதில்லை என்றே அதே நீதிமன்றம் கூறியது. அதே கோளாறு எத்தனை முறை வந்தது என்பதை ஜாப் கார்டுகளே நிரூபிக்கும். வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

பிசானத்துக்குத் தண்ணீர் வரும் முன்பே, ஒரு நாள் ஒதுக்கி எர்த் கம்பி, பெல்ட், டாங்கி மூடி, டீசல் வாஷர்கள் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். செலவு உப்புத்தாளும் சில வாஷர்களும்தான்.