ராக்கெட்டை 353 மீட்டர் ஆக்கிய கணக்கு

1969 ஜூலை 16 அன்று ஆர்ம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் நிலவை நோக்கிச் சுமந்து சென்றது சாட்டர்ன்-5 ராக்கெட். உயரம் சுமார் 110 மீட்டர். ராக்கெட்டும் விண்கலமுமாக அதில் எத்தனை பாகங்கள் இருந்திருக்கும்? ஆயிரமா, பத்தாயிரமா? பத்து லட்சத்துக்கும் மேலே!

அத்தனையும் ஒரே இடத்தில் செய்யப்பட்டவை அல்ல. முதல் அடுக்கைப் போயிங் செய்தது. இரண்டாவது நார்த் அமெரிக்கன், மூன்றாவது டக்ளஸ். நிலவில் இறங்கிய கலம் க்ரம்மன் நிறுவனத்துடையது. ராக்கெட்டுக்கு வழிகாட்டும் கணினி இருந்த வளையத்தைச் செய்தது ஐபிஎம். இத்தனை பேர் செய்கிற வேலையில் எந்தப் பாகம் எதற்குள் போகிறது, எத்தனை வேண்டும் என்று யார் நினைவில் வைத்துக்கொள்வது?

கணினிதான். 1966-இல் ஐபிஎம்மும் நார்த் அமெரிக்கனும் சேர்ந்து இதற்காக ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கின. புல்டோசர் செய்கிற கேட்டர்பில்லர் நிறுவனமும் கைகோத்தது. அவர்களுக்கும் ஒரு வண்டிக்கு ஆயிரக்கணக்கில் பாகங்கள் உண்டே! 1968 ஆகஸ்ட் 14 அன்று கலிஃபோர்னியாவின் டவுனி நகரில், தட்டச்சுப்பொறி போன்ற ஒரு கருவியில் ‘ரெடி’ என்ற சொல் அச்சாகி வந்தது. மென்பொருள் தயார் என்று அதற்குப் பொருள். மறு ஆண்டு அதற்கு ஐஎம்எஸ் என்று பெயர் வைத்தார்கள்.

ஐஎம்எஸ் தகவலை எப்படி அடுக்கி வைத்தது தெரியுமா? ஒன்றுக்குள் ஒன்றாக. மேலே இருப்பது பெற்றோர், அதற்குள் இருப்பவை பிள்ளைகள், பிள்ளைகளுக்கும் பிள்ளைகள் உண்டு. இப்படி அடுக்குவதைப் படிநிலைத் தரவுத்தளம் என்பார்கள். சாட்டர்ன்-5இல் எஞ்சின் தொடர்பான சில பாகங்களை மட்டும் எடுத்து இங்கே அப்படி எழுதியிருக்கிறேன். கூடவே அந்த வளையத்தையும் சேர்த்திருக்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சாட்டர்ன்-5
— முதல் அடுக்கு (உயரம் 42 மீட்டர்)
— — எஃப்-1 எஞ்சின்: 5
— — — டர்போ பம்பு: எஞ்சினுக்கு 1
— இரண்டாம் அடுக்கு (25 மீட்டர்)
— — ஜே-2 எஞ்சின்: 5
— — — டர்போ பம்பு: எஞ்சினுக்கு 2
— மூன்றாம் அடுக்கு (18 மீட்டர்)
— — ஜே-2 எஞ்சின்: 1
— — — டர்போ பம்பு: எஞ்சினுக்கு 2
— கருவி வளையம் (சுமார் 1 மீட்டர்)

மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். கணினியும் இதே வரிசையில்தான் படிக்கும். அதற்கு ஒரே விதி: பிள்ளை இருந்தால் உள்ளே போ, இல்லையென்றால் பக்கத்தில் இருக்கும் உடன்பிறப்பிடம் போ, அதுவும் இல்லையென்றால் மேலே ஏறி, அங்கே அடுத்தவரைத் தேடு. இந்த விதியை மீறாத வரை ஒரு பாகம்கூட விடுபடாது, எதையும் இருமுறை தொடவும் வேண்டியதில்லை.

நிரல் எழுதுபவர் ஐஎம்எஸ்ஸுக்கு இரண்டு விதமாகக் கட்டளை கொடுக்கலாம். ‘அடுத்ததைக் கொடு’ என்பது ஒன்று. ‘இந்தப் பெற்றோருக்குள் அடுத்ததைக் கொடு’ என்பது இன்னொன்று. இரண்டாம் அடுக்கின் பாகங்கள் மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டளையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால், அடுக்கு முடிந்தது தெரியாமல் மூன்றாம் அடுக்குக்குள் நுழைந்துவிடுவோம். இரண்டாவது கட்டளை எல்லையில் நின்று, ‘இங்கே இனி எதுவும் இல்லை’ என்று சொல்லிவிடும்.

சரி, பாகங்களை அடுக்கியாயிற்று, படித்தும் ஆயிற்று. மேலதிகாரி வந்து, “மொத்தம் எத்தனை டர்போ பம்பு வாங்க வேண்டும்? ஓர் அறிக்கை கொடுங்கள்” என்கிறார். எரிபொருளை அசுர வேகத்தில் எஞ்சினுக்குள் தள்ளும் பம்பு அது. பட்டியலில் பம்பு என்ற சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. 1, 2, 2. கூட்டினால் 5. அறிக்கை தயாரா?

ஐந்து பம்பை வாங்கிக்கொண்டு போனால் முதல் அடுக்கோடு தீர்ந்துவிடும்! பட்டியலில் உள்ள 1, 2, 2 எல்லாம் ஓர் எஞ்சினுக்கான எண்ணிக்கை. ஆகவே ஒவ்வொரு பம்பையும் அதன் பெற்றோரான எஞ்சினின் எண்ணிக்கையோடு பெருக்கிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். 5 × 1, 5 × 2, 1 × 2. ஆக 5 + 10 + 2 = 17. இன்னும் ஆழத்தில், பம்புக்குள் இருக்கும் ஒரு திருகாணியை எண்ண வேண்டுமானால் இன்னொரு முறை பெருக்க வேண்டியிருக்கும். எத்தனை படி இறங்குகிறோமோ அத்தனை பெருக்கல்.

(எஃப்-1க்கு ஒன்று, ஜே-2க்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்பீர்கள். எஃப்-1 எரித்தது மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் ஒரே அச்சில் சுழலும் ஒரே பம்பு தள்ளிவிட்டது. ஜே-2 எரித்ததோ திரவ ஹைட்ரஜன். அது மிக மிக லேசானது என்பதால் அதன் பம்பு ஆக்சிஜன் பம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல வேண்டும். அதனால் தனித்தனிப் பம்பு.)

இப்போது தலைப்புக்கு வருவோம். ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதைப் படிக்கச் சிரமம் என்று சிலர், எல்லாவற்றையும் ஒரே அட்டவணையாக விரித்துவிடுவார்கள். எஞ்சினுக்கு ஒரு வரி. அந்த வரியிலேயே அது எந்த அடுக்கைச் சேர்ந்தது, அந்த அடுக்கின் உயரம் என்ன என்ற விவரமும் இருக்கும். முதல் அடுக்கில் ஐந்து எஞ்சின் இருப்பதால் ‘முதல் அடுக்கு, 42 மீட்டர்’ என்பது ஐந்து வரியில் வரும். இரண்டாம் அடுக்கின் 25 மீட்டரும் ஐந்து முறை. மூன்றாம் அடுக்கின் 18 மட்டும் ஒரே முறை. மொத்தம் 11 வரி. எஞ்சினை எண்ண இது அருமையான அட்டவணை.

ஆனால், அதே அட்டவணையில் உயரத்தையும் கூட்டிப் பார்த்தால்? 210 + 125 + 18 = 353 மீட்டர்! மூன்று அடுக்கின் உண்மையான உயரம் 85 மீட்டர்தான். ஈஃபில் கோபுரத்தையே மிஞ்சிவிட்டது நம் ராக்கெட். கூட்டலில் பிழை இல்லை. உயரம் என்பது அடுக்குக்குச் சொந்தமான விவரம். அதை எஞ்சின் வரிகளில் வைத்துக் கூட்டியதுதான் கோளாறு. ராக்கெட் என்பதால் உடனே சிரித்துவிடுகிறோம். ஒரு கடையின் விற்பனைக் கணக்கில் இதே பிழை நடந்தால் யாருக்கும் சந்தேகமே வராது. லாபம் கூடிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

அந்த 11 வரியில் இன்னொரு தவறும் ஒளிந்திருக்கிறது. கருவி வளையம் எங்கே? அதற்குள் எஞ்சின் எதுவும் கிடையாது. எஞ்சினுக்கு ஒரு வரி என்று விரித்தபோது, பிள்ளை இல்லாத அந்தப் பெற்றோர் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டார். ராக்கெட்டுக்கே வழிகாட்டும் கணினி இருந்த பாகம் அறிக்கையில் இல்லை! என் பார்வையில் முதல் தவறைவிட இதுதான் மோசம். 353 என்று வந்தால் கண்ணில் படும். விடுபட்டது கண்ணில் படாதே!

இதற்குத் தீர்வு எளிதுதான். ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாக ஒரு கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்குக்குள் நுழையும்போதே, பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் உயரத்தை ஒரே ஒரு முறை எழுதிக்கொள். எஞ்சின்களை எஞ்சின் கணக்கில் எழுது. அந்த அடுக்கை விட்டு வெளியேறும்போது அதன் எஞ்சின் கூட்டுத்தொகையை அச்சிட்டு, மேல்படிக் கணக்கில் சேர்த்துவிட்டு, பூஜ்ஜியத்திலிருந்து மறுபடி தொடங்கு. பூஜ்ஜியமாக்க மறந்தால் முதல் அடுக்கின் ஐந்து எஞ்சினும் இரண்டாம் அடுக்கின் கணக்கில் ஏறிவிடும்.

படிநிலை அமைப்பில் தடுமாற்றமே இல்லையா? உண்டு. ‘முதல் அடுக்கில் எந்த எஞ்சின்?’ என்று கேட்டால் பதில் உடனே வரும். ‘ஜே-2 எஞ்சின் எந்தெந்த அடுக்கில்?’ என்று தலைகீழாகக் கேட்டால், மரம் முழுவதையும் ஏறி இறங்கித் தேட வேண்டியிருக்கும். எட்கர் காட் என்ற கணினி அறிஞர் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்தால் எந்தப் பக்கமிருந்தும் கேட்கலாம் என்றார். இன்று பெரும்பாலான தரவுத்தளங்கள் அவர் காட்டிய வழியில் நடப்பவை. அவர் வேலை பார்த்ததும் அதே ஐபிஎம்மில்தான்! ஆனாலும் ஐஎம்எஸ் ஓய்வு பெற்றுவிடவில்லை. பல பெரிய வங்கிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி உங்களுக்கு ஒரு வேலை. ராக்கெட்டின் உச்சியில் இருந்த அப்போலோ விண்கலத்தில், திசை திருப்புவதற்கென்று குட்டிக் குட்டி உந்து எஞ்சின்கள் இருந்தன. சேவைக் கலத்தில் நான்கு தொகுதி, தொகுதிக்கு நான்கு. நிலவில் இறங்கும் கலத்திலும் அப்படியே நான்கு தொகுதி, தொகுதிக்கு நான்கு. வீரர்கள் பூமிக்குத் திரும்பி வந்த கட்டளைக் கலத்தில் இரண்டு தொகுதி, தொகுதிக்கு ஆறு. நோட்டில் இதைப் படிப்படியாக உள்தள்ளி எழுதுங்கள், பிறகு கூட்டுங்கள். 44 வந்தால் உங்கள் அறிக்கை சரி. 14 வந்தால் பெருக்க மறந்துவிட்டீர்கள்.